சோளகத்துக்கு எதிரே நாற்பது கட்டை

என்னிடம் உள்ள தபாலட்டை ஒன்றில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "காணிக் கச்சேரி ஆடி 22, புதன், காலை 9 மணி. இங்கே காரியாதிகாரி கந்தோரில். ஆள் நேரில் நிற்க வேண்டும். தவறவிட வேண்டாம்." எழுதியவர் என் மச்சானுடைய அத்தான், அதாவது அவனுடைய மூத்த அக்காவின் கணவர். துணுக்காயில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். தபால் முத்திரையில் ஆண்டின் கடைசி இலக்கங்கள் இரண்டும் மையில் கலங்கிவிட்டன. ஜூலை 22 புதன்கிழமையில் விழுந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தேன்: 1953, 1959, 1964. முதலாவதில் நான் இன்னும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மூன்றாவதில் நான் முல்லைத்தீவை விட்டு மாறிப் போய்விட்டேன். ஆகவே 1959.

அட்டையில் ஆடி என்று இருக்க நான் ஏன் ஜூலை என்று கணக்குப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். அன்று அதை ஒரு நாள் முந்தியே கேட்டிருந்தால் நாற்பது கட்டை சைக்கிள் உழக்கியிருக்கத் தேவையில்லை. அப்படிக் கேட்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று என்றுதான் இன்று நினைக்கிறேன்.

மச்சான் என் தாய்மாமனின் மகன். என்னைவிட ஐந்து மாதமும் பதினொரு நாளும் மூத்தவன். மாமாவுக்கு யாழ்ப்பாணத்தில் சிறியதொரு புகையிலைத் தோட்டம் இருந்தது. பிள்ளைகளில் ஆண்கள் ஐந்து பேர். "எங்கட காணியைப் பிரிச்சா ஆளுக்கு ஒரு பாய் விரிக்கலாம், தலைகணி அடுத்தவன்ர பங்குக்குள்ள கிடக்கும்" என்று மச்சான் சொல்வான். அதனால் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குளத்தின் கீழ் குடியேற்றத்துக்குக் காணி கொடுக்கிறார்கள் என்றதும் அக்காவின் விலாசத்திலிருந்து விண்ணப்பம் போட்டான். அதற்கு முன் இரண்டு இடங்களில் போட்டுப் பெயர் வரவில்லை. காணிக் கச்சேரி என்பது அதிகாரிகள் வந்திருந்து விண்ணப்பக்காரரை ஒவ்வொருவராக விசாரித்துக் காணி ஒதுக்கும் நாள். பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் விண்ணப்பம் அவ்வளவுதான்.

காணி வரும் வரை அவன் முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் நின்றான். நான் அதே ஊரில் ஒரு கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தற்காலிகக் கிளாக்கர். பழைய பதிவேடுகளைப் பார்த்துப் புதிய புத்தகத்தில் பிரதி எழுதுவது வேலை.

ஜூலை 21, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணித் தேநீர் நேரத்தில் மச்சானைப் பார்க்கக் கடைக்குப் போனேன். அவன் சீத்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான் காட் போட்டிருக்கிறார். வந்து ரெண்டு நாள். கச்சேரிக்கு நாள் வைச்சிட்டாங்களாம்" என்று தபாலட்டையை நீட்டினான். "இன்னும் ரெண்டு கிழமைக்கு மேல கிடக்கு. முதலாளியிட்ட லீவு கேக்கவேணும்."

நான் வாசித்தேன். புதன் என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது.

"ஆடி இருவத்திரண்டு எப்ப வருது?"

"ஆடி இருவத்திரண்டு ஆடி இருவத்திரண்டிலதான் வரும். வேற எப்ப வரும்?"

"அது புதன்கிழமையோ எண்டு கேக்கிறன்."

"ஏன்ராப்பா, ஆடிப்பிறப்புக்குக் குடிச்ச கூழ் இன்னும் செமிக்கேல்லை. அதுக்குள்ள இவருக்கு இருவத்திரண்டு வந்திட்டுது."

கடைச் சுவரில் இரண்டு தேதியும் போட்ட நாட்காட்டி தொங்கியது. விரல் வைத்து எண்ணினேன். அவன் சொல்லும் ஆடி 22 ஓகஸ்ட் முதற் கிழமையின் கடைசியில் இருந்தது. அது புதன்கிழமை இல்லை. மற்றப் பக்கம், ஜூலை 22, புதன். விரலை அந்தக் கட்டத்தில் வைத்தேன். மச்சான் விரலைப் பார்த்தான், தபாலட்டையைப் பார்த்தான். மடித்த சீத்தை கையிலிருந்து அவிழ்ந்து நிலத்தில் விழுந்தது.

"அப்ப நாளைக்கு" என்றான்.

எங்களிடம் இரண்டு ஆடிகள் இருக்கின்றன. கோயிலுக்கும் விதைப்புக்கும் கலியாணத்துக்கும் உரியது பஞ்சாங்க ஆடி. அது ஆடிப்பிறப்பன்று தொடங்கும். கந்தோருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பளத்துக்கும் உரியது மற்ற ஆடி. ஜூலை மாதத்துக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் இடையே பதினைந்து பதினாறு நாள் வித்தியாசம். இருந்தும் ஒருவரும் தடுமாறுவதில்லை. சொல்கிறவர் ஐயரா கிளாக்கரா என்று முகத்தைப் பார்த்தே எந்த ஆடி என்று விளங்கிக்கொள்வோம். தபாலட்டைக்கு முகம் கிடையாது. தோட்டக்காரனின் மகன் தோட்டக்காரனின் ஆடியை வாசித்தான். மனேச்சர் மனேச்சரின் ஆடியை எழுதியிருந்தார்.

மாங்குளம் போகும் காலை பஸ் போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் போனால் மாங்குளத்தில் இறங்கவே ஒன்பது மணியாகிவிடும். அதன் பிறகு துணுக்காய்க்குப் பதினொரு கட்டை. எங்கள் பக்கத்தில் மைலைக் கட்டை என்றே சொல்வோம், வீதியோரத்து மைல்கல்லால் வந்த பெயர். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் முப்பது கட்டை. மொத்தம் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"தம்பிமாரே, உங்களுக்கு ரெண்டு கணக்கு. எங்களுக்குப் பிறை பாத்து இன்னொண்டு கிடக்குது. அதையும் சேர்த்துக்கொண்டு போனியளெண்டா எப்பவோ ஒரு நாளைக்கு எல்லாரையும் சந்திக்கலாம்" என்று சிரித்தார். பிறகு பின்பக்கம் போய்த் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "இதைக் கொண்டு போங்கோ. பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை. போற வழியில தண்ணி குடிக்காமல் உழக்காதையுங்கோ."

அது துணிமூட்டை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகும் சைக்கிள். மூட்டை கட்டும் பின்கரியல் ஒரு சின்னக் கட்டில் அளவு. வெறுஞ்சைக்கிளே ஒரு ஆள் ஏறி இருப்பது போன்ற பாரம். என்னுடையது மெல்லிய, உயரமான, கறுத்தச் சைக்கிள். நான் கந்தோருக்கு ஓடி ஒன்றரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் "குடும்ப அலுவல்" என்று எழுதினேன். மச்சானின் அலுவலுக்கு நான் ஏன் போகவேண்டும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. புறப்பட்டபோது பொக்கற் புத்தகத்தில் குறித்த நேரம் 11.20.

ஆடி வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சோளகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று வைகாசியில் தொடங்கினால் மாதக்கணக்கில் ஓயாது. மாங்குளம் றோட்டோ முல்லைத்தீவிலிருந்து மேற்கும் தெற்குமாகப் போகிறது. ஆக, முப்பது கட்டையும் நேரே காற்றின் வாய்க்குள். தண்ணீரூற்று என்ற ஊர் வரை மரங்கள் மறைத்தன. அதற்கு அப்பால் வெளியொன்று வந்ததும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. பெடலில் எழுந்து நின்று உழக்கினாலும் சைக்கிள் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனது.

ஒழுங்கு ஒன்று செய்தோம். ஒருவன் முன்னே போய்க் காற்றை வாங்க மற்றவன் அவன் முதுகை ஒட்டி வரவேண்டும். ஒரு கட்டைக்கு ஒருதரம் முன்னுக்குப் போகிறவன் மாறவேண்டும். ஐந்து கட்டைக்கு ஒருதரம் சைக்கிளை மாற்றவேண்டும். இரண்டு கட்டைக்குள் மச்சான் களவு தொடங்கிவிட்டான். தான் முன்னே போகும்போது மைல்கல் தூரத்தில் தெரிந்தவுடனே "கட்டை வந்திட்டுது" என்று விலகிவிடுவான். நான் முன்னே போகும்போது கல்லைக் கடந்து போனாலும் பேச்சில்லை.

"டேய், கட்டை போட்டுது!"

"எங்க? புல்லு மூடிக் கிடந்திருக்கும். நான் காணேல்லை."

"எட்டு எண்டு வெள்ளையில எழுதிக் கிடந்துது."

"எட்டோ? அது உன்ர ஆடிக்கு எட்டு. என்ர ஆடிக்கு இன்னும் வரேல்லை."

அந்த இடத்தில் சிரித்ததில் நான் ஹாண்டிலை விட்டு மணலுக்குள் இறங்கினேன். நாளைக் காலை காணி கைவிட்டுப் போகலாம் என்று தெரிந்தும் அவன் இப்படித்தான் கதைத்துக்கொண்டு வந்தான். உள்ளே பயம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். அடிக்கடி சூரியனை அண்ணாந்து பார்த்தான். "இருட்டினா யானை. யானைக்கு முதல் மாங்குளம்" என்று ஒரு தரம் தனக்குத்தானே சொன்னது கேட்டது.

பாய்க்கப்பற் பயணங்களைப் பற்றி அப்போது நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். எதிர்க்காற்றில் கப்பல் நேரே போவதில்லை, வலமும் இடமுமாகச் சரிந்து சரிந்துதான் முன்னேறும் என்ற செய்தியை மச்சானுக்கு விளக்கி, றோட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாம்பு போல ஓடிக் காட்டினேன். தூரம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எதிரே வந்த கரத்தைக்காரர் மாட்டை நிறுத்தி, "தம்பி கள்ளுக் குடிச்சவரோ?" என்று மச்சானிடம் கேட்டார். "இல்லை அண்ணை, புத்தகம் படிச்சவர்" என்றான் அவன்.

ஒட்டுசுட்டானில் கோயிலைத் தாண்டி ஒரு வீட்டுப் படலையில் நின்று தண்ணீர் கேட்டோம். வீட்டுக்கார அம்மா எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சோளகத்துக்கு எதிரா உழக்கிக்கொண்டு வாறியளோ? உங்களுக்கென்ன விசரே? இருங்கோ, வெறுந்தண்ணி குடிக்கக் கூடாது."

சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்ட மோர் ஒரு பெரிய செம்பில் வந்தது. அந்த மோரை எப்படி எழுதுவதென்று பலமுறை யோசித்திருக்கிறேன். தொண்டையால் இறங்கியது, வயிற்றில் நின்றது, பிறகு காதுகள் குளிர்ந்தன. மச்சான் மூன்று செம்பு குடித்தான்.

"அடுத்த தண்ணி எங்கயம்மா கிடைக்கும்?"

"அந்தா, குளம் ஒண்டு கிடக்கு. கூப்பிடு தூரம்தான்."

கூப்பிடு தூரம் என்றால் கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்றுதான் யாழ்ப்பாணத்தில் பொருள். வன்னியில் அது ஐந்து கட்டையாக இருந்தது. மூன்றாவது கட்டையில் மச்சான் சைக்கிளை நிறுத்தி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நாங்கள் கூப்பிடுறது கேக்குதோ?" என்று காடு அதிரக் கத்தினான். குரங்குக் கூட்டம் ஒன்று கிளைகளை உலுப்பிக்கொண்டு ஓடியது.

அந்தக் காட்டுத் துண்டுதான் கடினம். றோட்டில் கிரவல் கிளம்பிக் கிடந்தது. மரங்கள் உயரமாக இருந்தும் நடுப்பகல் கடந்த வெயில் நேரே முகத்தில் விழுந்தது. காற்று றோட்டைத் தன் வாய்க்காலாக்கிக்கொண்டு வந்தது. கால் தசை முதலில் நொந்தது, பிறகு எரிந்தது, பிறகு நோவும் எரிவும் இல்லாமல் தானாக இயங்கத் தொடங்கியது. பதினெட்டாம் கட்டைக்கும் பத்தொன்பதாம் கட்டைக்கும் இடையில் என்று குறித்திருக்கிறேன். மூச்சும் பெடலும் ஒன்றாகிவிட்டன. வியர்வை வழிந்து காய்ந்து சட்டையில் உப்புக் கோடு போட்டது. எனக்கு அதுவரை கிடைத்த சந்தோஷங்கள் எல்லாம் இருந்துகொண்டு அனுபவித்தவை. வாசித்தது, சாப்பிட்டது, கதை கேட்டது. இது உடம்பு தானே உழைத்துச் செய்த சந்தோஷம். அன்று இதை மச்சானிடம் சொல்லியிருந்தால், "அப்ப என்ர சைக்கிளையும் உருட்டு, இன்னும் சந்தோஷமாயிருக்கும்" என்றிருப்பான்.

அது பாலைப்பழக் காலம். றோட்டுக் கரையில் ஒரு பாலை மரத்தின் கீழ் மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது. இறங்கி அள்ளித் தின்றோம். தேன் போல இனிக்கும், ஆனால் அதன் பால் உதட்டில் பசை போல ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் மச்சானுக்கு வாய் திறக்கவில்லை. "ம்ம், ம்ம்" என்று கையைக் காட்டினான். அன்று முழுவதும் அவன் கதைக்காமல் இருந்த நேரம் அது ஒன்றுதான் என்று குறித்து வைத்திருக்கிறேன்: எட்டு நிமிடம்.

மோர் தந்த அம்மா சொன்ன குளம் கடைசியில் வந்தது. தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. சைக்கிள்களை அணைக்கட்டில் சாய்த்துவிட்டு உடுப்போடு இறங்கினோம். மேலே சுடுதண்ணீர், காலடியில் குளிர். கழுத்தளவில் நின்று, "நாளைக்கு என்ன கேப்பாங்கள்?" என்று மச்சான் கேட்டான்.

"வயல் தெரியுமோ எண்டு கேப்பாங்கள்."

"கடையில நிக்கிறன் எண்டு சொன்னா பேரை வெட்டிப்போடுவாங்கள். சொல்லாமல் விடவோ?"

நான் மறுமொழி சொல்ல முதல் அணைக்கட்டில் படார் என்று ஒரு வெடி. மச்சான் தண்ணீருக்குள் மறைந்தான். நான் குனிந்தேன். வேட்டைக்காரன் யாரோ எங்களை மரை என்று நினைத்துவிட்டான் என்றுதான் இருவரும் எண்ணினோம். மச்சான் மூக்கு மட்டும் வெளியே தெரிய எழுந்து, "நாங்கள் மனிசர்! மனிசர்!" என்று கத்தினான். பதில் இல்லை. கரையேறிப் பார்த்தால், வெயிலில் நிறுத்திய முதலாளியின் சைக்கிளில் பின்சில்லு சப்பளிந்து கிடந்தது. வெயிலுக்கு ரியூப் வெடித்திருந்தது.

என் பையில் ஒட்டுத்துண்டு இருந்தது. அதை ஒட்டும் சொலூசன் காய்ந்துபோயிருந்தது. "பாலைப்பால் இருக்குதெல்லோ, என்ர வாயை எப்பிடி ஒட்டினது?" என்று மச்சான் ஓடிப்போய்ப் பழம் பொறுக்கி வந்தான். அது வாயை ஒட்டும், றப்பரை ஒட்டாது என்பதைக் கண்டுபிடிக்கக் கால் மணித்தியாலம் போனது. கடைசியில் வெடித்த இடத்தை மடித்து, இரண்டு பக்கமும் கரியல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ரயருக்குள் திணித்து என் கைப்பம்பால் காற்றடித்தோம். காற்று நின்றது. ஆனால் சில்லு ஒரு சுற்றுக்கு ஒருதரம் 'டக்' என்று தூக்கிப் போட்டது. எஞ்சிய தூரமெல்லாம் டக், டக், டக். நான் என் முறை வந்தபோது ஒரு கட்டைக்கு எத்தனை டக் என்று எண்ணத் தொடங்கினேன். இருநூறு தாண்டியதும் மச்சான் பக்கத்தில் வந்து வேண்டுமென்றே பிழையான இலக்கங்களை உரக்கச் சொல்லிக் குழப்பிவிட்டான்.

மாங்குளம் 4.45. சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர் ரியூப்பை வெளியே எடுத்து, கயிற்றுக் கட்டைப் பார்த்து, "இதென்ன தம்பி, பிள்ளைக்குத் தொப்புள் கொடி கட்டின மாதிரி?" என்று கேட்டார். அரைமணி நேரத்தில் ஒட்டித் தந்தார். வாழைப்பழம் தின்று பிளேன்ரீயும் குடித்துவிட்டுத் துணுக்காய்ப் பாதையில் ஏறினோம்.

இரண்டு கட்டை போயிருப்போம். வெயில் சரிந்தது. என்ன நடந்ததென்று முதலில் விளங்கவில்லை. பெடல் காலடியில் காணாமல் போனது போல இருந்தது. சோளகம் விழுந்துவிட்டது. சில நாட்களில் பொழுதுபடும் நேரம் அது அப்படித் தணிவதுண்டு. நாள் முழுவதும் சுவரைத் தள்ளிப் பழகிய கால்கள், சுவர் இல்லையென்று தெரியாமல் அதே பலத்தோடு உழக்கின. சைக்கிள்கள் பறந்தன. வீரை, முதிரை மரங்கள் பின்னால் ஓடின. முதலாளியின் பாரமான சைக்கிள் இப்போதுதான் தன் குணத்தைக் காட்டியது. ஒருமுறை வேகம் பிடித்தால் நிற்காது. மச்சான் அதில் குனிந்து, ஒரு கையால் மணியை அடித்துக்கொண்டு, ஆளில்லாக் காட்டில் "விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கத்திக்கொண்டு போனான். றோட்டு நடுவில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அதைச் சுற்றி வளைத்து, இன்னும் வேகமாக உழக்கினோம். பயமா சந்தோஷமா என்று பிரிக்க முடியாத அந்த ஒன்பது கட்டைபோல என் வாழ்நாளில் வேறு ஒன்பது கட்டை இல்லை.

6.35க்கு அக்காவின் படலை. அவர் வாசலில் நின்று வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திட்டியோ! பஸ்ஸில காணேல்லையெண்டு நான் இஞ்ச கிடந்து துடிக்கிறன். இதென்ன கோலம், ரெண்டு பேரும் பேய் மாதிரி?"

அத்தான் உள்ளேயிருந்து வந்தார். "நான் வடிவா நாள் போட்டு எழுதினனான்தானே?"

"ஆடியெண்டு எழுதினியள்" என்றான் மச்சான்.

"ஆடிதானே இது?"

"அத்தான், நான் இப்ப வாதாடுற நிலையில இல்லை. இருக்கிறதுக்கே இடுப்பு இல்லை."

மறுநாள் கந்தோரைச் சுற்றிச் சனம் நிறைந்திருந்தது. மச்சானைக் கூப்பிடப் பதினொரு மணியாயிற்று. நான் வெளியே யன்னல் பக்கம் நின்றேன். நடந்ததை அன்றே குறித்துக்கொண்டேன்.

"என்ன வேலை செய்யிறீர்?" என்று அதிகாரி கேட்டார்.

மச்சான் யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தான். "துணிக்கடையில நிக்கிறன் ஐயா."

"துணிக்கடையில நிக்கிற ஆளுக்கு வயல் என்னத்துக்கு?"

"தோட்டக்காரன்ர பிள்ளைதான் ஐயா. காணி இல்லாததாலதான் கடையில நிக்கிறன்."

"கையைக் காட்டும்."

மச்சான் இரு கைகளையும் விரித்தான். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"ம். மண்வெட்டி பிடிக்கிறனீர் போல."

ஓம் என்றால் காரியம் முடிந்துவிடும். 

"இல்லை ஐயா. இது நேற்றுச் சைக்கிள் பிடிச்சது. முல்லைத்தீவிலயிருந்து வந்தனான்."

"இந்தச் சோளகத்திலயோ? ஏன், பஸ் இல்லையோ?"

மச்சான் இரண்டு ஆடியின் கதையையும் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

"சரி, சொல்லும். மாரிக்கு, காலபோகத்துக்கு எப்ப விதைப்பீர்?"

"புரட்டாதியில சோளகம் தணியேக்க புழுதியா உழுது விதைச்சு, ஐப்பசி மழைக்கு விட்டிடவேணும் ஐயா."

"எந்தப் புரட்டாதி?"

"பஞ்சாங்கப் புரட்டாதி ஐயா. காத்துக்குக் கந்தோர்க் கணக்குத் தெரியாது."

இப்போது அதிகாரியும் சிரித்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பெயர் வாசித்தார்கள். பெயர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பட்டியல் முடிந்தது. மச்சானின் பெயர் அதில் இல்லை. அவன் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  உள்ளே அதிகாரிகள் ஏதோ கதைத்தார்கள். பிறகு கிளாக்கர் வெளியே வந்து, ஏற்கெனவே வாசித்தபோது ஆள் எழாத பெயர் ஒன்றைத் திரும்பவும் கூப்பிட்டார். முந்திய கச்சேரியிலேயே விசாரித்துத் தெரிவு செய்த ஆள் அவர். ஒருவரும் எழவில்லை. அதே பெயரை மூன்று தரம், கடைசித் தரம் வீதிவரை கேட்கும்படி கூப்பிட்டார். உள்ளே போனார். திரும்பி வந்து மச்சானின் பெயரைச் சொன்னார்.

"ஓம் ஐயா!" என்ற மச்சானின் குரலுக்குப் பக்கத்திலிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

கடிதத்தோடு வெளியே வந்தவன் நேரே முதலாளியின் சைக்கிளிடம் போய், அந்தப் பெரிய கரியலில் ஏறிக் குந்திக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். எங்களைத் தேடி வந்த அக்கா கொடுத்த தேநீர் அவன் கையில் ஆறியது. வாய்க்கால் பக்கக் காணி. அன்று பின்னேரமே அத்தானோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பற்றைக் காடுதான். அவன் அதற்குள் புகுந்து ஒரு எல்லைக் கல்லிலிருந்து மறு கல்வரை நடந்து, கால் முழுக்க முள்ளோடு வந்து, "என்ர பாய் பெரிசு மச்சான். தலைகணியும் உள்ளுக்குள்ள" என்றான்.

ஒன்றரை நாள் லீவு முடிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை கந்தோருக்குப் பிந்தி வருவதற்கான காரணத்தை மனத்துக்குள் எழுதிக்கொண்டே 5.50க்குப் புறப்பட்டேன். மச்சானும் கணக்கு முடித்து விலகுவதற்காகக் கடைக்கு வந்தான். இம்முறை சோளகம் முதுகில். பின்காற்றில் போகும்போது காற்றின் சத்தமே கேட்பதில்லை. செயின் ஓடும் சத்தமும் காட்டுக்கோழி கூவுவதும் மட்டும் கேட்டன. மாங்குளம் தாண்டி மச்சான் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி இரு பக்கமும் விரித்துப் பிடித்தான். சட்டை பாயைப் போல விம்மியது. பெடலில் கால் வைக்காமலே அரைக் கட்டை போனான்.

"உன்ர கப்பல் புத்தகம் சரிதானடா!"

நாங்கள் குளித்த குளத்தைக் கடந்தபோது அவன் சட்டையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"அந்த மனிசன் ஏன் வரேல்லையெண்டு நினைக்கிறாய்?"

"தெரியாது."

"மூண்டு தரம் கூப்பிட்டவை." ஒரு கையால் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். பிறகு, "நான் காணியில நல்லா விளைவிக்கவேணும், என்ன?" என்றான்.

"ஓம்" என்றேன்.

9.40க்கு முல்லைத்தீவு. முந்திய பயணத்துக்கு ஏழேகால் மணித்தியாலம், இதற்கு நாலு மணித்தியாலத்துக்கும் குறைவு.

மூன்று தரம் கூப்பிடப்பட்ட பெயர் என் பொக்கற் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே எழுதப் போவதில்லை. பின்னாளில் விசாரித்தேன். அவரை அறிந்ததாகச் சொன்ன ஒருவர், அவருக்குத் தெற்கே வேலை கிடைத்துக் காணி வேண்டாமென்று போய்விட்டார் என்றார். இன்னொருவர், கச்சேரிக்கு முந்திய கிழமையே அவர் இறந்துவிட்டார் என்றார். அறிவித்தற் கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது என்பது அத்தானின் அபிப்பிராயம். அந்த நாளின் வருகைப் பதிவை நான் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறதென்றும் தெரியவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.